பூங்காவில் ஒதுங்க ஓர் இடம்

பேரூராட்சியில் இன்ஜினீயராக வேலை பார்ப்பவருக்கு வரையத் தெரிகிறதோ இல்லையோ, அழிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் அழித்து அழித்தே கைதேர்ந்தவள். ஒரு வரைபடத்தோடு கூட்டத்துக்குப் போய், அடையாளம் தெரியாத இன்னொரு வரைபடத்தோடு திரும்பி வந்த அனுபவமுள்ள அரசு ஊழியர்களே, குடியிருப்புச் சங்கச் செயலாளர்களே, கோயில் கமிட்டிக்காரர்களே, இது உங்களுக்காக எழுதியது. நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டிருக்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற பாதையில் இருக்கிறது எங்கள் பேரூராட்சி. ஊர்ப் பெயரை எழுதினால் சாயங்காலத்துக்குள் போன் வரும், அதனால் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் கட்டியதெல்லாம் சாக்கடை, சாக்கடைக்கு மூடி, மூடி உடைந்த இடத்தில் புது மூடி. அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் செயல் அலுவலர் வந்து, "மேடம், பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கற நம்ம காலி எடத்துல பார்க் கட்ட உத்தரவு வந்திருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், எங்கே இறங்கணும் என்று கேட்ட கண்டக்டரிடம் திண்டிவனம் என்பதற்குப் பதில் "பார்க்" என்று சொல்லிவிட்டேன்.

பார்க்கில் என்னென்ன வைப்பது என்று முடிவு செய்ய மன்றக் கூட்டம் கூடியது. அதில் அதிகம் பேசுகிறவர்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். தலைவர் தங்கமான மனிதர், யார் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்பார், எங்கள் கஷ்டமே அதுதான். செயல் அலுவலரை நாங்கள் ஈ.ஓ. என்போம், எதைக் கேட்டாலும் "விதியில இடமிருக்கா பாக்கறேன்" என்பார். கவுன்சிலர்களில் மொபைல் கடை சேகர், மல்லாட்டை (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) பயிர் வைக்கும் கோதண்டம், காலனி வார்டில் நின்று ஜெயித்த அஞ்சலை. அஞ்சலை வாரச் சந்தையில் கீரை விற்கிறவர். கவுன்சிலர் ஆன பிறகும் விற்கிறார், முன்பைவிடச் சத்தமாக.

ஆடும் தண்ணீர்

முதல் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தவர் சேகர். கையில் போன். அதில் ஏதோ வெளிநாட்டில் பாட்டுக்குத் தக்கபடி நீரூற்று வளைந்து வளைந்து ஆடுகிறது, சிவப்பு பச்சை விளக்கு வேறு. "நம்ம பார்க்குல இத வெச்சா திண்டிவனத்துலேர்ந்து ஜனம் பஸ் புடிச்சி வரும் தலைவரே!" என்றார். போன் மேசையைச் சுற்றிக் கைமாறிப் போனது. தலைவர் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே "பண்ணிடலாம்" என்றார். நானும் மயங்கித்தான் போனேன். சாக்கடைத் தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீருக்கும் நான் வழி செய்ததில்லை. மனதுக்குள் பம்பு, தொட்டி, பைப்பு எல்லாம் போட ஆரம்பித்துவிட்டேன்.

போன் கடைசியாக அஞ்சலையிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை எட்டப் பிடித்து முழுப் பாட்டையும் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று சேகரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"எங்க தெரு கொழாயில தண்ணி ஆட வேணாங்க தலைவரே, சும்மா நடந்து வந்தாலே போதும்."

அகலமான நடைபாதை

கோதண்டம் கூட்டத்தில் வாய் திறக்காமல் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். அவரே எழுந்து, "நடைபாதை வேணும் தலைவரே, நல்லா அகலமா" என்றதும் எல்லோரும் நிமிர்ந்தோம். நான் வரைந்ததைக் காட்டினேன். இன்னும் அகலம் வேண்டும் என்றார். அகலப்படுத்தினேன். கல் பதிக்க வேண்டாம், சிமெண்ட் போட்டு வழவழவென்று பூசச் சொன்னார். நடக்கிறவர்கள் வழுக்கி விழுவார்களே என்றேன். பார்த்து நடப்பார்கள் என்றார். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க, நம்ம கோதண்டத்துக்கு ஜனங்க உடம்பு மேல எத்தினி அக்கறை!"

எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. வெயிலில் நடக்க முடியாதே, நடைபாதையின் இரண்டு பக்கமும் வேப்பங்கன்று வைக்கலாம் என்று பச்சைப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டேன். கோதண்டம் முகம் வாடிவிட்டது. மரம் ஒன்றுகூட வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். மரமில்லாமல் ஒரு பூங்காவா என்று ஈ.ஓ.வே கோபப்பட்டார். கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மரம் வெச்சா நெழலு வுழும் மேடம், நெழலு வுழுந்தா மல்லாட்டை எப்பிடி காயும்?"

படுத்த எட்டு

நீரூற்று போனதில் சேகர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு எட்டோடு வந்தார். எட்டு வடிவத்தில் நடந்தால் சர்க்கரை, பி.பி., மூட்டுவலி எல்லாம் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறதே, அந்த எட்டு. வடக்கு தெற்காகப் போட வேண்டுமாம். வரைந்து மேசைமேல் விரித்தேன். தலைவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். "இன்னா மேடம், எட்டு படுத்துக்கினு இருக்குது?" என்றார். படத்தை அவருக்கு நேராகத் திருப்பினேன். இப்போது எதிரில் இருந்த கவுன்சிலர்களுக்கு அது படுத்துவிட்டது. அவர்களுக்காகத் திருப்பினால் தலைவருக்குப் படுத்துவிடுகிறது. கடைசியில் அத்தனை பேரும் எழுந்து ஒரே பக்கமாக வந்து நின்று, எட்டு நிற்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே இடத்தைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புப் பொடியால் எட்டை முழு அளவில் தரையில் போட்டோம். என் முதல் பூங்காவின் முதல் கோடு! மறுநாள் விடிந்ததும் அதைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து ஓடி வந்தேன். எட்டின் மேலெல்லாம் டயர்த் தடம். பார்த்தால் வரிசையாக டூ வீலர்கள் நிற்கின்றன. லைசென்சு டெஸ்ட்டில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியவர்கள் அத்தனை பேரும் வந்து, காலைத் தரையில் ஊன்றாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கத்துவதற்கு வாயைத் திறப்பதற்குள், ஸ்கூட்டியில் இருந்த ஒரு அம்மா என் கையிலிருந்த டேப்பைப் பார்த்து நான்தான் இன்ஜினீயர் என்று கண்டுபிடித்துவிட்டார். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம், ஆனா வளைவு கொஞ்சம் டைட்டா இருக்குது, டெஸ்ட்டுல இத்தவிட அகலமா போடுவாங்களாம், கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுங்களேன்!"

மழையில் ஒரு தீர்மானம்

சிரித்தது போதும், இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுக் கேட்டுப் போனபோது அஞ்சலை சந்தைப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று, கழிப்பறை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பிலும் கிடையாது, சந்தையிலும் கிடையாது. சந்தைக்கு வருகிற பெண்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், மறுபடி வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பார்கள். அஞ்சலையின் அக்கா அப்படியே வருஷக்கணக்கில் இருந்து, நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். எட்டுப் போட்ட இடத்தில் நின்றுகொண்டு அஞ்சலை இதையெல்லாம் என்னிடம் சொன்னார். வெயிலில் வேலை பார்க்கப் போகும் நாட்களில் நானும் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில்லை. "கூட்டத்துல கேளுங்க, வரைய நானிருக்கேன்" என்றேன்.

கேட்டார். அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டியது. யாருக்கும் பயப்படாத அஞ்சலைக்கே, அத்தனை ஆண்கள் நடுவில் அந்தச் சொல்லை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. நம் வழக்கப்படி நாசூக்காகச் சொன்னார். "தலைவரே, பார்க்குல வேற எது இருக்குதோ இல்லியோ, பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க ஒதுங்க ஒரு எடம் வேணுங்க. எத்தினி வருசமா கஷ்டப்படுதுங்க." தலைவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் பெண்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். "கேட்டுக்கு உள்ளாற, பஸ் ஸ்டாப்புக்கு எதிருலயே கட்டிடலாம்மா!" என்றார். சேகர் மேசையைத் தட்டினார், கோதண்டம் தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். ஈ.ஓ.கூட விதியைத் தேடவில்லை. அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆண்கள் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார்களே என்று எனக்குப் புல்லரித்தது. அந்தச் சந்தோஷத்தில், தலைவர் அடுத்து ஈ.ஓ.விடம் சொன்னதில் முதல் சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

"மழையில நனையற பொம்பளைங்களைப் பாத்துக்கினு சும்மா குந்திக்கினு இருக்க நான் இன்னா கல்லா? ஒதுங்க எடம் குடுக்கறோம், ஜல்தியா எழுதுங்க ஈ.ஓ. சார்!"

தாம்பூலம்

அந்த வாரமே சந்தைப் பெண்களும் சுய உதவிக் குழுப் பெண்களும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு தலைவரைப் பார்க்க வந்துவிட்டார்கள். முன்னால் அஞ்சலை, முகமெல்லாம் பல். அறை கொள்ளவில்லை. தலைவர் எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இத்தனை பெண்கள் திரண்டு வந்து தனக்கு நன்றி சொன்னது அவர் அரசியலில் அதுதான் முதல் தடவை. அந்தப் பூரிப்பில், என்ன கட்டப்போகிறோம் என்று விளக்க ஆரம்பித்தார்.

"சாதாரணமா கட்டிட மாட்டோம்மா. நாலு பக்கமும் தொறந்தே வெச்சிடறோம், காத்து நல்லா வரணும் பாருங்க." பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நாலு பக்கமுமாங்க?" என்று ஒருவர் ஈனசுரத்தில் கேட்டார். "ஆமாம்மா, மேல மட்டும் குடை மாதிரி ஒரு கூரை. சுத்தி கலர் லைட்டு. ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போவான். நடுவுல சிமிட்டி பெஞ்சி வளைச்சிப் போட்டுர்றோம், பத்து பேரு ஒண்ணா குந்திக்கினு கதை பேசிக்கினு இருக்கலாம். செல்பி எடுத்துக்கலாம்!" முறுக்கு விற்கும் அம்மா ஒருவர் தட்டிலிருந்த பழத்தை மெல்ல எடுத்துத் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மழைக்கு ஒதுங்கச் சொல்கிறார்! எப்படிச் சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருக்க, அஞ்சலை ஓர் அடி முன்னால் வந்தார். கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை, குரல் தெருவரைக்கும் கேட்டது.

"ஐயோ தலைவரே, நாங்க கேட்டது கக்கூசுங்க!"

மூலைக்கு மூலை

தாம்பூலத்தை வாங்கியாகிவிட்டது, மறுக்க முடியாது. தலைவரும் மறுக்கவில்லை. வெட்கம் தெளிந்ததும், "கட்டிடலாம், அதுக்கென்ன" என்றார். ஆனால் கேட்டுப் பக்கம் வேண்டாம், பார்க்குக்குள் நுழைந்ததும் முதலில் அதுவா கண்ணில் பட வேண்டும், ஏதாவது மூலையில் வைப்போம் என்றார். அதற்கு ஒரு கூட்டம். வாஸ்து பார்க்கிறவர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அஞ்சலை வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதுவும் தள்ளிப்போனால் சந்தையில் எந்த முகத்தோடு கீரை விற்பது என்று என்னிடம் வாசலிலேயே கேட்டிருந்தார்.

வடகிழக்கு ஈசானிய மூலை, சாமி இருக்கும் இடம், அழி. தென்கிழக்கு அக்னி மூலை. அங்கே நிஜமாகவே டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நின்று அக்னியாகத்தான் பொறி கக்கிக்கொண்டிருக்கிறது, அழி. தென்மேற்கு கன்னி மூலை. அங்கே குழி தோண்டினால் தலைவனுக்கு ஆகாது என்றார் வாஸ்துக்காரர். அவர் சொன்னது குடும்பத் தலைவனை. எங்கள் தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அழிங்க மேடம், மொதல்ல அத அழிங்க" என்றார். மிச்சம் வடமேற்கு, வாயு மூலை. வாஸ்துப்படி பிரமாதம். ஆனால் சேகர் வீட்டு மாடி ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. அவர் வீட்டம்மா போனிலேயே கூட்டத்தில் கலந்துகொண்டு, அதையும் அழிக்கவைத்தார். என் ரப்பர் தேய்ந்து தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. கோதண்டம் அந்த ஓட்டையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"நாலு மூலைதான் இருக்குதுன்னு எதுக்கு பேஜாரு படறீங்க மேடம், அஞ்சாவதா ஒரு மூலை வரையறது?"

விழுப்புரம் பஸ்ஸில்

படத்தை விழுப்புரத்தில் மேலதிகாரியிடம் காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. கழிப்பறைக்கு இடம் குறிக்காத படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று பஸ் ஏறினேன். பெண்கள் சீட்டில் பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. "இன்னா மேடம், சாமி படமா?" என்றார். பார்க் என்றேன். பிரி, பார்க்கலாம் என்றார். பிரித்தேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள், பின் சீட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கழிப்பறை கட்டப்போகிறோம், இடம்தான் அமையவில்லை என்று சொன்னதுதான் தாமதம், பஸ்ஸுக்குள் ஒரு மன்றக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் கூட்டத்தைவிட நல்ல கூட்டம்!

உள்ளே தாழ்ப்பாள் வேண்டும், அதுவும் எட்டுகிற உயரத்தில். விளக்கு வேண்டும். கதவுக்குக் கீழே சந்து விடக் கூடாது. வெளியே ஒரு பெண் காவலுக்கு இருந்தால் நல்லது. கைக்குழந்தையைக் கிடத்த ஒரு மேடை. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் சொன்னார், ஆடுகிற பஸ்ஸில் என் கையெழுத்தும் ஆடியது. நான் படித்த படிப்பில் கழிப்பறைக்கு நீளம் அகலம் உண்டு, இதெல்லாம் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பூக்கூடை அம்மா என் தோளைத் தட்டி ஒரு முழம் மல்லிகையைக் கையில் கொடுத்தார்.

"எங்கன்னா வையி கண்ணு, உள்ளாற ஒரு கொக்கி மட்டும் வெச்சிடு, கைப்பையை பல்லுல கடிச்சிக்கினு குந்தறது எத்தினி கஷ்டம் தெரியுமா?"

கல்வெட்டு

அவகாசம் கிடைத்தது. அந்த உற்சாகத்தோடு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அஞ்சலை எனக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். தலைவர் ஆரம்பிப்பதற்குள் அவரே எழுந்தார். மூலைகள் வேண்டாம், பழைய தீர்மானத்தில் இருக்கிறபடி கேட்டுக்கு உள்ளே, பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் கட்டிவிடலாம் என்றார். "ஒதுங்க எடம்னுதானே அன்னிக்கு எல்லாரும் மேசையத் தட்டினீங்க? எதுக்கு ஒதுங்கறதுன்னு யாராவது கேட்டீங்களா?" ஈ.ஓ. தீர்மானத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். எதுக்கு என்று அதில் இல்லைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விதியில இடமிருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. வாஸ்துக்காரரும் மூலை இல்லாதவரைக்கும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

தலைவர் மட்டும் அசையவில்லை. நெளிந்தார், டீயைக் குடித்தார், கடைசியில் உண்மையைச் சொன்னார். பார்க் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்கிற இடமும் கேட்டுப் பக்கம்தான். அவர் பெயர் பொறித்த கல் வாழ்நாளெல்லாம் கக்கூஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டுமா? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முடிந்தது கதை என்று நான் ரப்பரைக் கையில் எடுத்தேன். அஞ்சலை கொஞ்சமும் தயங்கவில்லை.

"பார்க்குக்குள்ள நடக்கறவன் கல்லை எங்க படிக்கப் போறான்? இங்க வச்சாதான் தலைவரே, வரிசையில நிக்கிற ஜனம் பூரா உங்க பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கும்!"

அமாவாசை

தலைவர் அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மற்ற எதையும்விட அதைத்தான் முதலில் கட்டச் சொன்னார். தாழ்ப்பாள், விளக்கு, குழந்தை மேடை, கொக்கி எல்லாம் வைத்தேன். கொக்கியை நானே தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துச் சோதித்தேன். காவலுக்கு அஞ்சலையின் அக்காவைப் போடலாம் என்று ஈ.ஓ. தானாகவே சொன்னார். எங்கள் ஊர் சந்தையும் அமாவாசையும் ஒரே நாளில் வந்த சமயம் பார்த்துத் திறந்தோம். அமாவாசையன்று ஒலக்கூர் பக்கத்து ஜனங்கள் வேனிலும் ஆட்டோவிலும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கி, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துக்காக மணிக்கணக்கில் நிற்பார்கள். மஞ்சள் புடவையும் எலுமிச்சம் பழமுமாக அத்தனை பெண்கள். வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. அஞ்சலை கீரைக்கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, "ஒவ்வொருத்தரா போங்க, கைக்குழந்தைக்காரங்க முன்னாடி வாங்க" என்று திருவிழா நடத்துகிற மாதிரி வரிசையின் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். சொல்லத் தயங்கவில்லை, நானும் வரிசையில் நின்றேன். கல்வெட்டையும் படித்தேன்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தேன். பஸ் ஸ்டாப் ஓரத்தில் மோர் விற்கிறவர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் தாழவில்லை, வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். அவருக்கு இந்தப் பார்க், தீர்மானம், மூலை எதுவும் தெரியாது. உடம்பு சரியில்லையா, இவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் காலிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு ஏன் அப்படி அழுகை வந்தது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

"இன்னா ஆச்சுன்னே தெரியல மேடம், இத்தினி வருசமா இங்க கடை போடறேன், சந்தைப் பொம்பளைங்க ஒருத்தரும் மோரு பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, இன்னிக்கி ஆளுக்கு ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடிச்சி பானையைக் காலி பண்ணிட்டாங்க!"

எங்கள் பூங்காவில் இன்னும் ஒரு பூச்செடிகூட வைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் எந்தக் கூட்டத்திலும் அதை யாரும் கேட்கவில்லை, நானாக வாயைத் திறப்பதாகவும் இல்லை.